கவுன்சிலர் நோட்டீஸ் வாங்கிக்கொண்டார்

மாடு நோட்டீஸைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சாதாரண மாடு இல்லை, காட்டுமாடு. நான் நிமிர்ந்து நின்றாலும் அதன் திமில் என் தலைக்கு மேலே இருக்கும். நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நிறம். நகராட்சி முத்திரை குத்திய நோட்டீஸைச் சௌசௌ பந்தல் காலிலிருந்து நாக்காலேயே உரித்தெடுத்து, யாருக்கும் பயப்படாமல் மென்றுகொண்டிருந்தது. சாகுல் பாய் டீக்கடையின் பலகைத் தடுப்புக்குப் பின்னால் நாங்கள் நாலு பேர் பதுங்கி நின்றோம். என் மேலதிகாரி முத்துராக்கு சார் என் காதோரம் முணுமுணுத்தார்: "போச்சு தம்பி. ஒட்டினது போச்சு."

எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. நோட்டீஸ் போகவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டது.

இதை எழுதச் சொன்னது ஜெனிபர். வார்டு அலுவலகத்தில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண். "அண்ணே, நீங்க ரிட்டயர்டு ஆனவங்க. உங்க எக்ஸ்பீரியன்ஸ எழுதிக் குடுத்தீங்கன்னா எங்களுக்கு யூஸா இருக்கும்ல" என்றாள். கிண்டல் இல்லை. நான் முறைப்படி ஓய்வு பெற்றவன்தான். சால்வை போர்த்தினார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வயது இருபத்தெட்டு. அது எப்படி நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மாடு முதலில்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு நெடும்பள்ளம் ஊராட்சியில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். நெடும்பள்ளம் எங்கள் மலையில் பூண்டும் பீன்ஸும் போடுகிற ஊர். டவுனிலிருந்து ஜீப்பில் வந்தால் யூகலிப்டஸ் வாசம் முடிந்து பூண்டு வாசம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே இறங்க வேண்டும். டவுன் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊராட்சியில் நான் கற்றதை வெரசாகச் சொல்லிவிடலாம். தண்ணீர் மோட்டாரை எப்போது போடக் கூடாது என்று கற்றேன். தலைவர் கையெழுத்து வேண்டுமென்றால் எந்தத் தோட்டத்து வரப்பில் நின்று கத்த வேண்டும் என்று கற்றேன். பயிற்சி முடிந்தது.

பிறகு ஒரு நாள் வெள்ளனே எழுந்து பார்த்தால் நாங்கள் டவுனாகியிருந்தோம். ஊராட்சியைக் கலைத்து, நகராட்சியின் கடைசி வார்டாகச் சேர்த்துவிட்டார்கள். என்னையும் அதே நாற்காலியோடு வார்டு அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பெயின்டர் ஒருவர் வந்து, ஊர் எல்லையில் 'நெடும்பள்ளம் ஊராட்சி அன்புடன் வரவேற்கிறது' என்றிருந்த பலகையை வெள்ளையடித்து அழித்தார். பலகையின் பின்பக்கம் 'நன்றி, மீண்டும் வருக' என்று இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அதனால் இன்றைக்கும் எங்கள் ஊருக்குள் நுழைய முடியாது, வெளியேற மட்டும்தான் முடியும்.

ஊர்க்கூட்டத்தில் விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானாகத்தான் கை தூக்கினேன். எனக்கு அந்த நாட்களில் கால் தரையில் நிற்கவில்லை. டவுன்! ஆன்லைன்! "இனிமே நூறு நாள் வேலை கெடையாதுங்க. வீட்டு வரி கொஞ்சம் கூடும். தெருக்குழாயை மூடிட்டு வீட்டுக்கு வீடு பைப் குடுப்பாங்க" என்றேன்.

"சரிப்பா, எடுக்கிறத எல்லாம் சொல்லிட்ட. குடுக்கிறது என்ன?" என்று கேட்டார் சாகுல் பாய். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடையும் பரோட்டாக் கல்லும் வைத்திருப்பவர். ஊருக்குள் செய்தி வருவதும் போவதும் அவர் கல் வழியாகத்தான்.

"போன்லயே புகார் கொடுக்கலாம் பாய். குறிப்பிட்ட நாளுக்குள்ள அவங்க தீர்த்து வச்சே ஆகணும்."

கூட்டம் கொஞ்சம் நிமிர்ந்தது. அங்கேயே வகுப்பு எடுத்தேன். சாகுல் பாய் தன் போனை நீட்டி, "எதையாச்சும் ஒண்ணை அமுக்கிப் பாப்போம்டா பாண்டி. என்ன புகார் குடுக்க?" என்று கேட்டார். பின்னாலிருந்து யாரோ, "மாட்டப் பத்திக் குடுங்க பாய். தெனமும் வந்து நிக்கிதுல்ல" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பாய் பட்டியலில் 'தெருவில் திரியும் மாடு' என்று இருந்ததைத் தேடி அமுக்கிவிட்டார். போன் 'டிங்' என்றது. கைதட்டினோம்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நெடும்பள்ளத்தில் யாரும் மாடு வளர்ப்பதில்லை. குளிருக்கும் சிறுத்தைக்கும் பயந்து எங்கள் தாத்தாக்கள் காலத்திலேயே விட்டுவிட்டார்கள். பால் பாக்கெட்டில் வருகிறது. ஆகவே எங்கள் ஊரில் 'மாடு' என்றால் காட்டுமாடுதான். மற்றதைச் சொல்ல வேண்டியிருந்தால் 'பால்மாடு' என்போம். "மாடு நிக்கிது, சுத்திப் போ" என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். டவுன் கம்ப்யூட்டருக்குப் புரியாது என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த மாடு சாயங்காலமானால் செல்லக்கிளி அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கும். அக்காவின் அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். அக்கா பேச்சில் இன்னும் அந்த வாடை உண்டு. தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலையில் இட்லி அவித்து விற்பவர். வீட்டை ஒட்டி ஒரு சௌசௌ பந்தல். மாடு பந்தலுக்கு வெளியே தொங்கும் கொடியை இழுத்துத் தின்னும், கொஞ்ச நேரம் சும்மா நிற்கும், போய்விடும். அக்கா அதற்குக் கவுன்சிலர் என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் புது வார்டுக்கு இன்னும் தேர்தல் நடக்கவில்லை, கவுன்சிலர் இல்லை. "ஏன் இல்ல? அந்தா நிக்கிறாரே. வாறாரு, திங்கிறாரு, ஒண்ணுஞ் செய்யாம நிக்கிறாரு, போறாரு" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

தெருக்குழாயை மூடிய பிறகு அக்காவுக்குப் பெரிய சிக்கல். கீழே பள்ளத்து ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. அரிசி ஊறப்போடுவது குறைந்தது, இட்லிப் பானை ஒன்று கவிழ்ந்தது. வாடிக்கையாளர்கள் சாகுல் பாய் பரோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இதில் பாய்க்கே வருத்தம். "எனக்கு வேணாம்டா இந்த யாவாரம். காலையில நானே அவ இட்லி தின்னுதான் கடை தெறப்பேன்" என்றார். அக்கா எல்லோருக்கும் முன்னால் வீட்டுக் குழாய்க்குப் பணம் கட்டி மனுவும் போட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் பைப் வந்துவிட்டது, அவர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

அலுவலகத்தில் போய்ப் பார்த்தேன். காரணம் மாடு. ஊர்க்கூட்டம் நடந்தது அக்கா வீட்டுக்கு எதிரில். அதனால் பாய் அமுக்கிய புகாரின் இடக்குறி அக்கா வாசலில் விழுந்திருந்தது. அந்தக் கதவு எண்ணில் புகார் நிலுவையில் இருப்பதால், அந்தக் கதவு எண்ணின் குழாய் மனு நிறுத்திவைப்பு.

இந்த இடத்தில் முத்துராக்கு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் எங்கள் வார்டுக்குப் பொறுப்பான சுகாதார ஆய்வாளர். வெயிலூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். தினமும் கீழிருந்து பஸ்ஸில் ஏறி வந்து, பனி இறங்குவதற்குள் பஸ்ஸில் இறங்கிவிடுவார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். குரங்குக் குல்லாயில் ஒரு பக்கத்தை மட்டும் காதுக்கு மேலே ஏற்றி விட்டிருப்பார். அது புகார் கேட்கிற காது. வலது பக்கம் நின்று பேசினால் அவருக்குக் கேட்காது. தெரியாதவர்கள் வலது பக்கம் நின்று அரை மணி நேரம் அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. முடியாது என்று சொல்லியும் கேட்டதில்லை. எது சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு, "இது எதுல வருது?" என்று கேட்பார். உலகத்தில் உள்ள எல்லாமும் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ் வந்தே ஆக வேண்டும். அலுவலகக் கூரை ஒழுகியபோதுகூட, வாளியை எங்கே வைப்பது என்று நாங்கள் ஓடிக்கொண்டிருக்க, அவர் நனைந்தபடியே, "இது மழைநீர் வடிகால்ல வருமா, கட்டடப் பராமரிப்புல வருமா?" என்று யோசித்துக்கொண்டிருந்தார். தலைப்பு கிடைத்துவிட்டால் முகம் மலரும். "விதியில எடம் இருக்கு, செஞ்சிருவோம்" என்பார். செய்தும்விடுவார், அதே நிமிடத்தில்.

இடது பக்கமாகப் போய் நின்று, "சார், அது காட்டுமாடு" என்றேன்.

போனைப் பார்த்தார். "மாடுன்னுதானே தம்பி போட்டிருக்கு. காடு இல்லையே."

"எங்க ஊர்ல மாடுன்னா அதுதான் சார்."

"உங்க ஊர் இப்ப எங்க ஊருல்ல. புகார் பதிவான பெறகு வகைய மாத்த முடியாது. மூடணும்னா ரெண்டு வழி. ஓனருக்கு அபராதம் போட்ட ரசீது, இல்லைன்னா மாட்டைப் பட்டியில அடைச்ச போட்டோ."

மாடு பிடிக்கிற வண்டி ஒன்று நகராட்சியில் இருந்தது. சின்ன வேன், ஒரு கயிறு, இரண்டு ஆள். நானே முன்னால் பைக்கில் வழிகாட்டிக்கொண்டு போனேன். கவுன்சிலர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். டிரைவர் கண்ணாடியை இறக்கி, "இதையா?" என்றார். ஆமாம் என்றேன். கண்ணாடி ஏறியது. வண்டியைத் திருப்பக்கூட இல்லை. மூன்று வளைவும் பின்னோக்கியே போனார்கள். மறுநாள் டிரைவர் எழுதிக் கொடுத்த அறிக்கை: 'மாடு வண்டியில் ஏறச் சம்மதிக்கவில்லை.'

வனத்துறைக்குப் போனேன். செக்போஸ்டில் இருந்த வனக்காப்பாளர் பீட்டர் அண்ணன் எனக்குப் பழக்கம்.

"எங்க மாடுதான்டா. அதுல என்ன சந்தேகம்?" என்றார்.

"அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கண்ணே, போதும்."

"ஏலே, வெவரமாத்தான் வந்திருக்க. எங்க மாடுன்னு எழுதிக் குடுத்தா, அது தின்ன பூண்டு, மிதிச்ச பீன்ஸு எல்லாத்துக்கும் நாளைக்கு ஊரே மனுவத் தூக்கிட்டு வந்து நிக்கும். காட்டுக்குள்ள நின்னா எங்க மாடு. இப்ப எங்க நிக்கிது?"

"ரோட்டுல."

"ரோடு யாருது?"

"நகராட்சி."

"அப்பறமென்ன. டீ சாப்பிடுறியா?"

ஆகவே அபராதம் ஒன்றுதான் வழி என்று ஆனது. ஓனர் யார்? மாடு தினமும் யார் வாசலில் நின்று, யார் பந்தலில் தின்கிறதோ அவர். முத்துராக்கு சார் கண்ணை மூடித் திறந்து, "இது 'பொறுப்பாளர்'ல வருது" என்றார்.

இதைப் போய் நான் செல்லக்கிளி அக்காவிடம் சொன்னேன். தண்ணீர்க் குடத்தோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"அபராதம் எவ்வளவு தம்பி?"

"பெரிசா இல்லக்கா. ஆனா கட்டிறாதீங்க."

"ஏன்? கட்டித் தொலைச்சா தண்ணி வரும்ல?"

"கட்டினா மாடு உங்களுதுன்னு ரசீதுல வரும். காட்டு மிருகத்தை வளர்த்தா வனச்சட்டத்துல கேஸு. ஜாமீன்கூட லேசுல கெடைக்காது."

குடத்தை இறக்கி வைத்தார். "அப்ப கட்டினா ஜெயிலு. கட்டாட்டி இந்தக் கொடம். ரெண்டுல எதுல தம்பி தண்ணி சும்மா வரும்? ஜெயில்லதானே?"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டேன். அது எத்தனை கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டவுனாகிவிட்டோம் என்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். எனக்கு இந்தக் குழாய் வந்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

அடுத்த கட்டம் நோட்டீஸ். இதன் நடைமுறையைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். முழுக் கதையும் இதில்தான் திரும்புகிறது. நோட்டீஸை உரியவரிடம் சேர்ப்பதற்கு அலுவலகத்தில் 'சார்வு செய்தல்' என்று பெயர். நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் சார்வு. எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைத்தாலும் சார்வு. வாங்க மறுத்தால், உரிய இடத்தில் பசை போட்டு ஒட்டி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்தால் அதுவும் சார்வு. சார்வு ஆகாத நோட்டீஸ் வெறும் காகிதம். சார்வு ஆகிவிட்டால் அது யார் மேல் விழுந்ததோ அந்த ஆளை விடாது.

முத்துராக்கு சார் நேரிலேயே வந்தார். அன்றைக்கென்று மத்தியானமே பனி இறங்கிவிட்டது. அக்கா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்க மாட்டேன் சார். வாங்கினா மாடு என்னுது."

"அப்ப ஒட்டணும்மா."

"என் கதவுல ஒட்டினா கைய ஒடிப்பேன்."

"கதவுல இல்லம்மா. கால்நடை வழக்கமா நிக்கிற எடத்துல."

"அது என் பந்தல்."

"அப்ப உங்க மாடு."

"நின்னா என் மாடாகுமா? நீங்களுந்தான் இப்ப என் வாசல்ல நிக்கிறீங்க. உங்களையும் நான்தான் வளர்க்கிறேனா? சும்மா கதைக்காதீங்க சார். அவ்வளவு ஆசைன்னா அந்த மாட்டு மேலயே போய் ஒட்டுங்க."

நான் சிரித்துவிட்டேன். சார் சிரிக்கவில்லை. கண்ணை மூடி யோசித்தார். "விதியில எடம் இருந்தா ஒட்டலாம். இல்லையே" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

பசை கொண்டுவர மறந்திருந்தோம். நான் சாகுல் பாய் கடைக்கு ஓடினேன். அவர் பரோட்டா மாவிலிருந்து மைதாவைக் கிள்ளித் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சித் தந்தார். கொண்டுபோய்ப் பந்தல் காலில் பூசி, நோட்டீஸை ஒட்டினேன். முகவரியில் 'மாட்டின் உடைமையாளர் அல்லது பொறுப்பாளர்' என்று இருந்தது. இன்னும் சாட்சிக் கையெழுத்துகள் வாங்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. அப்போது பாய் கடையிலிருந்து கத்தினார்: "ஏலே பாண்டி! கவுன்சிலர் வாறாரு!"

முத்துராக்கு சாருக்கு அந்தப் பெயர் வைத்த கதை தெரியாது. சட்டென்று குல்லாயைக் கழற்றி, தலையைக் கோதி, ஸ்வெட்டரை இழுத்துவிட்டு, வணக்கம் வைக்கத் தோதாக இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பனிக்குள் நாலடி முன்னால் நடந்தார். "வாங்கய்யா, வாங்க" என்றார். பனிக்குள்ளிருந்து முதலில் கொம்பு வந்தது.

அவரை அக்கா ஒரு கையிலும் நான் ஒரு கையிலுமாக இழுத்துக்கொண்டு டீக்கடைக்குள் ஓடினோம். பலகைத் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தால் கவுன்சிலர் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். பந்தல் காலை முகர்ந்தார். நக்கினார். திரும்ப நக்கினார். முத்துராக்கு சார் கூப்பிய கையைப் பிரிக்கவே இல்லை. "தம்பி… இது… இது எதுல வருது?" என்றார். அவர் கண்ணை மூடாமல் அதைக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"ஏன் பாய், சௌசௌவ விட்டுட்டு பசைய இப்பிடி நக்குது?" என்று அக்கா கிசுகிசுத்தார்.

சாகுல் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கைப் பழக்கத்துல உப்புப் போட்டுட்டேன்."

அடுத்த நாக்கில் நோட்டீஸ் உரிந்து வந்தது. மாடு அதை மென்றது. நான் தொடங்கிய இடம் இதுதான்: "போச்சு தம்பி" என்று சார் முணுமுணுத்த இடம்.

"போகல சார்" என்றேன். "சார்வு ஆயிருச்சு. நோட்டீஸ் யார் பேருக்கு? மாட்டுக்குப் பொறுப்பானவருக்கு. யார் வாங்கினது? மாடு. நேர்ல. மறுக்காம. அப்ப மாட்டுக்குப் பொறுப்பு மாடுதான் சார்." போனை இடுக்கில் வைத்துப் படம் படமாக எடுத்துத் தள்ளினேன்.

"கையெழுத்து?"

"எழுதப் படிக்கத் தெரியாதவர் சார்."

சார் கண்ணை மூடினார். அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அப்ப கைநாட்டு வேணும்" என்றார்.

மாடு தின்று முடித்து, கொஞ்ச நேரம் சும்மா நின்று, போய்விட்டது. பந்தலடி ஈரமண்ணில் ஒரு குளம்பு அச்சு, கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்திய மாதிரி. முத்துராக்கு சார் முட்டி போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுக்கச் சொன்னார். "நெழல் விழுகுது, தள்ளு" என்றார். "இடது காலா, வலது காலா?" என்று கேட்டார். ஆணுக்கு இடது கைப் பெருவிரல் என்பது விதி. கவுன்சிலர் ஆண்தான். எங்கள் நல்ல நேரம், அது இடது முன்னங்கால் என்று அக்கா சத்தியம் செய்தார்.

பிறகு சாட்சி. முதல் கையெழுத்து சாகுல் பாய். இரண்டாவதற்கு நான் பேனாவை எடுத்தேன். சார் என் கையிலிருந்து பேனாவை வாங்கி அக்காவிடம் நீட்டினார்.

"நானா? நான்தானே எதிராளி?"

"சாட்சியாக் கையெழுத்துப் போட்டவங்க எதிராளியா இருக்க முடியாதும்மா" என்றார் அவர், குல்லாயைத் திரும்ப மாட்டிக்கொண்டே. "விதியில எடம் இல்ல."

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதினார்.

மறுநாள் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பொறுப்பாளர் பெயர்: கவுன்சிலர். தகப்பனார் பெயர்: தெரியவில்லை. முகவரி: மேலச்சோலை, நெடும்பள்ளம். ஊருக்கு மேலே இருக்கிற காடு அது, கவுன்சிலர் அங்கிருந்துதான் இறங்கி வருவார். புகார் அக்காவின் கதவு எண்ணை விட்டு நகர்ந்து அந்த முகவரியில் போய் உட்கார்ந்தது. அந்த வாரமே பிட்டர் வந்து பைப் போட்டார். முதலில் காற்று, பிறகு செம்மண் தண்ணீர், பிறகு தண்ணீர். அக்கா குழாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். "சத்தத்தக் கேளு தம்பி" என்றார். மறுநாள் கவிழ்த்து வைத்த இட்லிப் பானை நிமிர்ந்துவிட்டது. சாகுல் பாய் கடை திறக்க லேட்டானது.

கவுன்சிலர் அபராதம் கட்டவில்லை. அதனால் சில மாதங்களில் அவர் பெயருக்கு இரண்டாவது நோட்டீஸ் தானாக அச்சாகி வந்தது: 'உடனடியாகச் செலுத்தத் தவறினால் தங்கள் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்.' மேலச்சோலையில் ஓடும் ஓடையைத் துண்டிப்பது எந்தத் தலைப்பில் வரும் என்று முத்துராக்கு சார் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என் ஓய்வு இதற்குப் பிறகு நடந்தது. பழைய ஊராட்சிப் பதவிகளை ஒழிக்கும் ஆணை வந்தபோது, வயதாகி உண்மையிலேயே ஓய்வு பெற்ற தண்ணீர்த்தொட்டி அண்ணாச்சியோடு என் பெயரையும் ஒரே ஆணையில் சேர்த்து, 'பணி ஓய்வு பெறுகிறார்கள்' என்று அடித்துவிட்டார்கள். 'பணி விடுவிப்பு' என்று இருக்க வேண்டும். நான் சாரின் இடது பக்கம் போய் நின்று, "சார், எனக்கு இருபத்தெட்டு" என்றேன். ஆணையைப் படித்தார். "ஓய்வுன்னு சார்வு ஆயிருச்சே தம்பி. நீதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்க" என்றார். அண்ணாச்சி எனக்குச் சால்வை போர்த்தினார், நான் அவருக்குப் போர்த்தினேன். சுவர்க்கடிகாரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒரு மாதம் அவர் வீட்டில், ஒரு மாதம் எங்கள் வீட்டில்.

இப்போது மதுரையில் ஒரு வேலைக்கு மனு போட்டிருக்கிறேன். அது வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. போன வாரம் ஜெனிபர் ஒரு கட்டு மனுவைக் காட்டினாள். எங்கள் ஊரின் கீழ்வரிசைக் குடும்பங்களுடையது. அவர்களும் சிலோனிலிருந்து வந்தவர்கள்தான். வீட்டுக்குப் பட்டா இல்லை, கதவு எண் இல்லை. குழாய் மனுவை ஏற்றினால் 'இப்படி ஒரு முகவரி இல்லை' என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்புகிறது. பள்ளத்து ஊற்றில் இன்னும் குடத்தோடு நிற்பவர்கள் அவர்கள்.

"அண்ணே, மேலச்சோலைக்கு மட்டும் எப்பிடிண்ணே அட்ரஸ் இருக்கு?" என்று கேட்டாள்.

"அங்கே ஒரு நோட்டீஸ் சார்வு ஆயிருக்கு" என்று சொல்லும்போதே எனக்கு மறுபடியும் ஒரு யோசனை வந்தது.

நோட்டீஸ் வாங்கிய இடத்தை அப்புறம் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. நோட்டீஸ் வர வேண்டுமென்றால் புகார் வர வேண்டும். புகார் கொடுக்க நகரவாசி ஒருவர் போதும். ஓய்வு பெற்றவராக இருந்தால் நல்லது, நேரம் இருக்கும். முத்துராக்கு சாரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன், வேண்டுமென்றே வலது பக்கமாக நின்று. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "புகார் வந்தா நோட்டீஸ் போட்டுத்தான் ஆகணும். அதுக்கு விதியில எடம் இருக்கு."

திங்கட்கிழமை கீழ்வரிசையில் ஒவ்வொரு வீட்டின் மேலும் புகார் கொடுக்கப் போகிறேன். வகை, 'தெருவில் திரியும் மாடு'. முகவரி விழுந்ததும், பொறுப்பாளர் கவுன்சிலர்தான் என்று புகாரை மட்டும் மேலச்சோலைக்கு நகர்த்திவிட்டால் குழாய் மனு நிற்காது. கதவுக்குக் கதவு ஒட்ட நிறையப் பசை வேண்டும். செல்லக்கிளி அக்கா தன் குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் பிடித்து டீக்கடையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். சாகுல் பாய் மைதா கரைக்க உட்கார்ந்தபோது நான் உப்பு டப்பாவை எடுத்து என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.